பெங்களூரில் கலைந்துபோன பட்டாளம்!

ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் காலையில் நடக்க வருபவர்கள் பலதரப்பட்டவர்கள். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்கள், வங்கி குமாஸ்தாக்கள், ஷிப்டு முடிந்து திரும்பும் தொழிலாளிகள். தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளும் அங்கே காதில் விழும். அந்த வட்டாரத்தில் ஊர்களுக்கும் தெருக்களுக்கும் இன்னும் வெள்ளைக்காரப் பெயர்கள்தான். ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், பென்சன் டவுன். அல்சூர் பக்கம் போனால் அஸ்ஸே ரோடு, மீயானி அவென்யூ. அஸ்ஸே என்பது 1803-ல் மராட்டியருடன் நடந்த போர். மீயானி என்பது 1843-ல் சிந்து நாட்டில் நடந்த போர். தினமும் அந்தத் தெருக்களில் போகிறவர்களில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்க்கிறார்கள்?

பெயர்ப் பலகையில் ஏறாத போர்க் கதைகளும் பெங்களூருக்கு உண்டு. அவற்றில் ஒன்று, பிரிட்டிஷ் ராணுவத்தின் 70-வது காலாட்படை டிவிஷனின் கதை. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மானியரை எதிர்த்து நின்று பெயர் வாங்கிய அந்த டிவிஷன், எந்த எதிரியாலும் அழிக்கப்படவில்லை. 1943-ம் ஆண்டு பெங்களூரில் இருந்தபோது, மேலிடத்து உத்தரவு ஒன்றினால் கலைக்கப்பட்டது!

'தண்டு' பிறந்த கதை

பெங்களூரின் இந்தக் கிழக்குப் பகுதியை நம் பாட்டன்மார் 'தண்டு' என்றுதான் சொல்வார்கள். படை தங்கும் இடம் என்று பொருள். 1809-ல் வெள்ளையர் இங்கே ராணுவக் குடியிருப்பை அமைத்தார்கள். வந்தது மதராஸ் ராணுவம். ஆகவே அதன் பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. வட ஆற்காடு, செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களிலிருந்து கொத்தனார், தச்சர், தையற்காரர், சலவைத் தொழிலாளர், சமையற்காரர், மளிகை வியாபாரி என்று குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். 1881-ல் மைசூர் ராஜ்யம் மீண்டும் மகாராஜாவிடம் ஒப்படைக்கப்பட்ட பிறகும், இந்தப் பகுதி மட்டும் 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆட்சியிலேயே இருந்தது. 1947 ஜூலை 26-ம் தேதிதான் அது மைசூருக்குத் திரும்பியது. சுதந்திரத்துக்கு மூன்று வாரம் முன்பு!

ஆகவே இரண்டாவது உலகப் போர் மூண்டபோது, பெங்களூர்த் தண்டு ஒரு பெரிய போர்ப் பாசறையாக மாறியதில் வியப்பில்லை. 1942 ஆகஸ்டில் 25-வது இந்திய டிவிஷன் இங்கேதான் உருவாக்கப்பட்டது. ஊரைச் சுற்றி முகாம்கள். இத்தாலியப் போர்க் கைதிகளுக்கும் இங்கே முகாம். சவுத் பரேடு ரோட்டில் (இன்றைய எம்.ஜி. ரோடு) வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கூட்டம். அந்தக் கூட்டத்தில், 1943-ல், 70-வது டிவிஷனின் சிப்பாய்களும் இருந்தார்கள்.

டிவிஷன் என்றால் என்ன?

ராணுவக் கணக்கில் டிவிஷன் என்பது தனியாகவே ஒரு போரை நடத்தக்கூடிய படை. அதில் மூன்று பிரிகேடுகள். ஒவ்வொரு பிரிகேடிலும் சாதாரணமாக மூன்று காலாட்படைப் பட்டாலியன்கள். அவற்றுடன் பீரங்கிப் படை, எஞ்சினீயர்கள், தந்தி-ரேடியோப் பிரிவு, மருத்துவப் பிரிவு, சாமான் வண்டிகள். எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். ஒரு தொழிற்சாலையில் எல்லாப் பிரிவும் ஒன்றுக்கொன்று பழகிய பிறகுதான் உற்பத்தி சீராக நடக்கும் அல்லவா? டிவிஷனும் அப்படியே. பீரங்கிக்காரனும் காலாட்படைக்காரனும் ஒருவரையொருவர் அறிந்து, நம்பி, சேர்ந்து அடிபட்டு எழுந்த பிறகே அது உருப்படியான படையாகிறது. அதற்கு ஆண்டுகள் ஆகும்.

70-வது டிவிஷனுக்கு அந்த அனுபவம் கிடைத்திருந்தது. அதன் மூன்று பிரிகேடுகள் 14, 16, 23 ஆகிய எண்களைக் கொண்டவை. 16-வது பிரிகேடு 1940 டிசம்பரில் எகிப்தின் சிடி பரானியில் இத்தாலியரை முறியடித்தபோது, அது நம் 4-வது இந்திய டிவிஷனுடன் சேர்ந்தே போரிட்டது. 14-வது பிரிகேடு 1941 மே மாதம் கிரீட் தீவில், வானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த ஜெர்மானியரை ஹெராக்ளியான் நகரில் எதிர்த்து நின்றது.

டோப்ரூக் முற்றுகை

லிபியாவின் கடற்கரையில் டோப்ரூக் என்றொரு துறைமுகம். 1941 ஏப்ரலில் ஜெர்மன் தளபதி ரோமலின் படைகள் அதைச் சூழ்ந்துகொண்டன. உள்ளே இருந்த ஆஸ்திரேலியர்கள் மாதக்கணக்கில் தாக்குப் பிடித்தார்கள். அவர்களை மாற்றுவதற்காக, இருட்டில் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்களே இந்த டிவிஷனின் சிப்பாய்கள். அதுவரை '6-வது டிவிஷன்' என்று வழங்கிய படைக்கு, அந்த 1941 அக்டோபரில்தான் '70' என்ற எண் கிடைத்தது. தளபதி, மேஜர் ஜெனரல் ஸ்கோபி.

நவம்பர் 21-ம் தேதி, முற்றுகையை உள்ளிருந்தே உடைத்துக்கொண்டு வெளியேற அவர்கள் தாக்குதல் தொடுத்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் 'பிளாக் வாட்ச்' ரெஜிமெண்டின் 2-வது பட்டாலியன், எதிரியின் மெஷின்கன்களுக்கு நேராக வெட்டவெளியில் முன்னேறி, ஒரே காலைப் பொழுதில் தன் ஆட்களில் பெரும் பகுதியைப் பலி கொடுத்தது. எட் டுடா என்ற மேட்டில் நடந்த சண்டையில் காட்டிய வீரத்துக்காக கேப்டன் ஜேம்ஸ் ஜாக்மன் என்பவருக்கு, அவர் இறந்த பிறகு, விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. முற்றுகை உடைந்தது. டிவிஷன் பெயர் பெற்றது.

அதற்குள் கிழக்கே நிலைமை தலைகீழாகிவிட்டது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன். டிவிஷனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதில் 16-வது பிரிகேடு மட்டும் வழியிலேயே சிலோனில் இறக்கப்பட்டது. அதே ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கின. ஆனால் ஜப்பானியர் கரை இறங்கவில்லை. அந்தப் பிரிகேடு 1943-ல்தான் மற்ற இரண்டுடன் மீண்டும் சேர்ந்தது. ராஞ்சியில் காட்டுப் போருக்கான பயிற்சி நடந்தது. பிறகு பெங்களூர்.

நல்ல சீதோஷ்ணம், வசதியான ஊர். பர்மாவுக்குள் ஒரு முழு டிவிஷனாகப் போகப் போகிறோம் என்றுதான் அந்தச் சிப்பாய்கள் எதிர்பார்த்திருந்தார்கள்.

கியூபெக்கில் எழுதிய தலையெழுத்து

அவர்கள் தலையெழுத்தை எழுதியவர் ஆர்ட் விங்கேட். நைனிடாலில் பிறந்தவர். 1943-ன் தொடக்கத்தில் சுமார் 3,000 பேருடன் ஜப்பானியர் வசமிருந்த பர்மாவுக்குள் கால்நடையாக நுழைந்து, ரயில் பாதைகளைத் தகர்த்தவர். பர்மியக் கோயில் வாசல்களில் காவல் நிற்கும் 'சிந்தே' என்ற சிங்க உருவத்தின் பெயரையொட்டி, அவருடைய படைக்குச் 'சிண்டிட்' என்ற பெயர் ஏற்பட்டது. போனவர்களில் சுமார் 2,200 பேர்தான் திரும்பினார்கள். திரும்பியவர்களில் பலர் மறுபடி போருக்கே தகுதியில்லாத நிலையில் இருந்தார்கள். ஆனாலும், தோல்விச் செய்திகளையே கேட்டுச் சலித்திருந்த பிரிட்டனுக்கு அது பெரிய தெம்பாக இருந்தது.

பிரதமர் சர்ச்சில் விங்கேட்டைத் தம்மோடு கப்பலில் ஏற்றிக்கொண்டு, கனடாவில் கியூபெக் நகரில் 1943 ஆகஸ்டில் நடந்த மாநாட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே விங்கேட்டின் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது. எதிரியின் முதுகுப்புறத்தில் விமானத்தில் இறங்கி, விமானத்திலேயே உணவும் குண்டும் பெற்று, மாதக்கணக்கில் போராடப் பெரிய படை ஒன்று வேண்டும். ஆட்களுக்கு எங்கே போவது? பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் டிவிஷன் ஒன்று தயாராக இருக்கிறதே, பெங்களூரில்!

இந்தியப் படைகளின் பிரதம தளபதி ஆக்கின்லெக் இதை எதிர்த்தார். வங்காளத்தில் படை நடத்திய தளபதி ஸ்லிம்மும் எதிர்த்தார். காட்டுப் போருக்குத் தயாரான ஒரே பிரிட்டிஷ் டிவிஷனைத் துண்டு துண்டாக்குவதைவிட, முழு டிவிஷனாகவே போரில் இறக்கினால் பலன் பல மடங்கு இருக்கும் என்பது அவருடைய கட்சி. ஆனால் சர்ச்சிலின் ஆதரவு விங்கேட்டுக்கு இருந்தது. எதிர்ப்பு எடுபடவில்லை.

1943 அக்டோபர் - நவம்பரில் உத்தரவு அமலாயிற்று. 70-வது டிவிஷன் என்ற பெயர் ராணுவப் பட்டியலிலிருந்து நீங்கியது.

பீரங்கி போய் கோவேறு கழுதை!

டிவிஷன் கலைந்ததும் யார் யார் என்ன ஆனார்கள் என்பதுதான் வேடிக்கையும் வேதனையும் கலந்த கதை.

ஒவ்வொரு பட்டாலியனும் இரண்டு 'காலம்' ஆகப் பிரிக்கப்பட்டது. ஒரு காலத்தில் சுமார் 400 பேர். லாரிகள் போயின, கோவேறு கழுதைகள் வந்தன. பீரங்கிப் படைக்காரர்களிடமிருந்து பீரங்கிகளை வாங்கிக்கொண்டு, "இனி நீங்கள் காலாட்படை" என்று சொல்லிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் பீரங்கியையே தொழிலாகக் கற்றவர்கள், கழுதைக்குச் சேணம் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். கழுதை கத்தினால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்பதால், அவற்றின் குரல் நரம்புகளையே அறுத்து ஊமையாக்கினார்கள்.

டிவிஷனின் அப்போதைய தளபதி மேஜர் ஜெனரல் சைம்ஸ், விங்கேட்டுக்குப் பதவியில் மூத்தவர். தன் டிவிஷனையே விழுங்கிய புதிய படையில், தன்னைவிட இளையவருக்குக் கீழே, துணைத் தளபதியாகச் சேர்ந்தார்! முகம் கோணாமல் உழைத்தார். 1944 மார்ச் 24-ல் விங்கேட் மணிப்பூர் மலையில் விமான விபத்தில் மாண்டபோது, அடுத்த தளபதி யார் என்ற கேள்வி எழுந்தது. துணைத் தளபதிதானே? இல்லை. பிரிகேடு ஒன்றின் தலைவராக இருந்த லென்டெய்ன் நியமிக்கப்பட்டார். சைம்ஸ் முறைப்படி ஆட்சேபம் தெரிவித்துவிட்டுப் படையை விட்டு விலகினார். சர்க்கார் ஆபீசிலும் கம்பெனியிலும் 'சீனியாரிட்டி' போன வருத்தத்தை அறிந்தவர்களுக்கு, அந்த மனிதர் மனம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்று பிரிகேடுகள், மூன்று வழிகள்

16-வது பிரிகேடு, பெர்னார்ட் பெர்குசன் தலைமையில், 1944 பிப்ரவரியில் அஸ்ஸாமின் லெடோவிலிருந்து நடந்தே பர்மாவுக்குள் சென்றது. ஒவ்வொருவர் முதுகிலும் சுமார் 70 ராத்தல் சுமை. மழையில் வழுக்கும் மலையில் படி வெட்டிப் படி வெட்டி ஏறினார்கள். விமானத்திலிருந்து போடும் உணவுப் பொட்டலம்தான் சாப்பாடு.

அந்த மலைகள் நம்மவர்களுக்கும் அந்நியமானவை அல்ல. இரண்டாண்டுகளுக்கு முன், 1942-ல், பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிர் பிழைக்க ஓடிவந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் வந்தவர்கள் போக, பலர் ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக இதே லெடோவை நோக்கி நடந்தார்கள். சேற்றிலும் காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே விழுந்தார்கள். ஆயுதமும் விமானமும் உள்ள படைக்கே அந்த மலைகள் அத்தனை கஷ்டம் கொடுத்தன என்றால், கைக்குழந்தையோடும் மூட்டையோடும் நடந்த அந்தக் குடும்பங்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

இண்டா என்ற ரயில் சந்திப்பைப் பிடிக்க 16-வது பிரிகேடு முயன்று தோற்றது. நடந்தே களைத்துப் போயிருந்தவர்கள், மே மாதத்தில் விமானம் மூலம் திரும்பினார்கள். 14-வது பிரிகேடு 'அபர்டீன்' என்று பெயரிட்ட காட்டு விமானத் தளத்தில் போய் இறங்கி, ஆகஸ்டு வரை மழைக்காட்டில் கிடந்தது. மலேரியாவும் டைபஸ் காய்ச்சலும் ஜப்பானியருக்கு இணையான எதிரிகளாக இருந்தன.

23-வது பிரிகேடின் கதை வேறு. ஜப்பானியர் 1944 ஏப்ரலில் நம் நாட்டுக்குள்ளேயே புகுந்து கோஹிமாவைச் சுற்றிக்கொண்டார்கள். உடனே அந்தப் பிரிகேடைப் பர்மாவுக்கு அனுப்பாமல் நாகா மலைகளுக்குத் திருப்பினார்கள். நாகா மக்களின் துணையோடு, மலை மலையாக ஏறி இறங்கி, ஜப்பானியருக்கு அரிசியும் தோட்டாவும் வரும் பாதைகளை அது அறுத்தது. ஜூன் 22-ல் கோஹிமா - இம்பால் சாலை மீண்டும் திறந்தது.

சிண்டிட் படை முழுவதிலும் அந்த ஆண்டு சுமார் 1,400 பேர் மாண்டார்கள். 2,400 பேருக்கு மேல் காயமுற்றார்கள். எஞ்சியவர்களில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. 1945 பிப்ரவரியில் சிண்டிட் படையும் கலைக்கப்பட்டது. கலைக்கப்பட்ட டிவிஷனை விழுங்கிய படையே கலைந்தது!

ஸ்லிம் சொன்னது சரியா, விங்கேட் செய்தது சரியா என்ற வாதம் ராணுவ ஆசிரியர்களிடையே எண்பது ஆண்டுகளாக ஓயவில்லை. எதிரியின் முதுகில் பாய்ந்து அவனைக் குழப்பியது உண்மை. கோஹிமாவிலும் இம்பாலிலும் ஒவ்வொரு ஆளும் தேவைப்பட்ட நேரத்தில் ஒரு முழு டிவிஷன் கையில் இல்லாமல் போனதும் உண்மை.

நம்மவர் பங்கு

இந்தக் கதையில் தமிழனுக்கு இடம் எங்கே என்று கேட்கலாம். பல இடங்களில் இருக்கிறது.

அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மதராஸ் சேப்பர்ஸ் மையத்திலிருந்து, அந்தப் போரில் ஆயிரக்கணக்கான தென்னாட்டு இளைஞர்கள் பாலம் கட்டவும் கண்ணிவெடி அகற்றவும் போர்முனைகளுக்குப் போனார்கள். பாலைவனத்தில் 16-வது பிரிகேடு சேர்ந்து போரிட்ட அதே 4-வது இந்திய டிவிஷனில் அவர்களும் இருந்தார்கள். அந்த டிவிஷனின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ல், இத்தாலியில் மின்யானோ என்ற இடத்துக்கருகில், வெடிக்கப் போகும் கண்ணியின் மேல் தானே விழுந்து படுத்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. உலகப் படைகள் எல்லாம் முள்வேலியைத் தகர்க்கப் பயன்படுத்திய 'பெங்களூர் டார்பிடோ' என்ற வெடிகுழாய், 1912-ல் இந்தச் சேப்பர்ஸ் படையின் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இங்கேயே கண்டுபிடித்தது.

இன்னொரு இடம் பட்டறை. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1943-ல் அமெரிக்க விமானப் படையின் பொறுப்பில் பெரிய பழுது பார்க்கும் நிலையமாயிற்று. ஆசியப் போர்முனையில் பறந்த விமானங்கள் இங்கே கொண்டுவரப்பட்டு, கழற்றிப் பூட்டி, மீண்டும் வானத்தில் ஏற்றப்பட்டன. காட்டுக்குள் கிடந்த சிண்டிட்டுக்குச் சோறு போட்டது விமானம். விமானங்களைப் பறக்க வைத்ததில், இந்த ஊரின் பிட்டருக்கும் வெல்டருக்கும் பங்கு உண்டு. அவர்களில் தமிழர்கள் கணிசம்.

எதிர்ப்பக்கத்திலும் நம்மவர் இருந்தார்கள். மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர், நாட்டு விடுதலைக்காக நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஒருவன் சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தான். மற்றவன் சுதந்திரத்துக்காக வேறு பட்டாளத்தில் சேர்ந்தான். இருவரையும் பெற்ற தாய் ஒரே ஜில்லாவில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்திருப்பாள்.

இன்று

சவுத் பரேடு மகாத்மா காந்தி ரோடு ஆகிவிட்டது. சிப்பாய்கள் ஆங்கிலப் படம் பார்த்த பிளாசா தியேட்டர் இருந்த இடத்தில் மெட்ரோ ரயில் நிலையம் நிற்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் 2009-ம் ஆண்டு முதல் திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். தண்டு என்ற பெயரைச் சொல்வோரும் குறைந்துவிட்டார்கள்.

கோஹிமாவில் ஒரு யுத்தக் கல்லறை இருக்கிறது. ரங்கூனுக்கு அருகே தாக்யான் என்ற இடத்தில் இன்னொன்று. அங்குள்ள நினைவு மண்டபத் தூண்களில், உடல் கிடைக்காமல் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளையர் பெயர்களும் இந்தியப் பெயர்களும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தாக்யானுக்குப் போகும் வசதி நம்மில் பலருக்கு வாய்க்காது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், பட்டாளத்துக்குப் போன தாத்தா, பர்மாவிலிருந்து நடந்து வந்த பாட்டி, விமானப் பட்டறையில் வேலை பார்த்த பெரியப்பா ஆகியோரைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ பதக்கமோ இருந்தால், பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட வேண்டாம். டிவிஷன்களின் வரலாற்றை எழுதத் தளபதிகள் இருந்தார்கள். நம் வீட்டு வரலாற்றை நாம்தான் எழுதியாக வேண்டும்.